கோமதி அழிக்க மறுத்த சக்கரம்

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்போது ஆங்கிலம் எடுக்கும் ரம்யா போன வாரம் போன் செய்தார். வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதாம். நடுவில் ஒரு பொருளின் பெயரைத் தட்டினால் சுற்றிலும் வட்டங்களும் கோடுகளும் தாமாகவே வந்து நிற்கின்றனவாம். பிள்ளைகள் சொற்களை விரலால் இழுத்து உள்ளே போடுகிறார்களாம்.

"சொல்லெல்லாம் சரியாப் போட்டுடுதுங்க டீச்சர். எழுதச் சொன்னாத்தான் பேனா நகர மாட்டேங்குது. நீங்க சாக்பீஸ்ல சக்கரம் போட்டு எப்படி எழுத வெச்சீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். அடுத்த பயிற்சியில வாசிச்சுக் காட்டறேன்" என்றார்.

சாக்பீஸ் தூசியில் பாதி ஆயுளை இருமியே கழித்தவள் நான். ஸ்மார்ட் போர்டு மேல் எனக்குப் பொறாமைதானே தவிர கோபம் எதுவும் இல்லை. அது வந்ததால் எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் ரம்யா கேட்ட கேள்வி சரியான கேள்வி. சொற்களைச் சேர்ப்பது எளிது, அவற்றை வாக்கியமாக்குவதில்தான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வரதராசன்பேட்டைப் பக்கம். எங்கள் வீட்டில் தடுக்கி விழுந்தால் ஓர் ஆசிரியர் மேல்தான் விழ வேண்டும். திருச்சியில் பட்டப்படிப்பு, பிறகு பி.எட்., பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த நீண்ட காலம். இதில் சொல்ல ஒன்றுமில்லை. பி.எட். வகுப்பில் கற்பித்தல் பற்றி நிறையச் சொன்னார்கள். கேள்வித்தாளையே அழகாகத் திருப்பி எழுதி வைத்துவிட்டுப் போகும் பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

முதல் வேலை வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பள்ளியில். காலாண்டுத் தேர்வில் "உங்கள் ஊரை விவரித்து ஒரு பத்தி எழுதுக" என்று கேட்டிருந்தார்கள். நான் திருத்திய தாள்களில் எல்லாம் ஓர் ஆறு ஓடியது. கரையோரம் தென்னந்தோப்பு. ஆற்றில் படகு. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டவே வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போகிற ஊர் அது. வகுப்பில் போய், "ஏம்ப்பா, நம்ம ஊர்ல ஆறு எங்க ஓடுது? நாளைக்கு எனக்கும் காட்டுங்க, குளிச்சிட்டு வரேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல் எழுந்து, "நோட்ஸ்ல அப்படித்தாங்க டீச்சர் இருக்கு. நம்ம ஊரப் பத்தி இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?" என்று கேட்டான். தன் ஊரை ஆங்கிலத்தில் எழுதவே முடியாது என்று அவன் மனதார நம்பினான். அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சியில்தான் சக்கரம் எனக்குக் கிடைத்தது. பயிற்றுநர் அதை கிராஃபிக் ஆர்கனைசர் என்றார். திரையில் ஒரு ஸ்ட்ராபெர்ரிப் பழத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கோடுகள் போட்டு, அதன் நிறம், மணம், சுவை என்று நிரப்பிக் காட்டினார். அந்த அறையில் இருந்த எங்களில் ஒருவரும் ஸ்ட்ராபெர்ரியைத் தின்றதில்லை. ஆனால் எல்லாரும் 'ஸ்வீட்' என்று எழுதிக் கொடுத்தோம். பழத்தை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் ஆண்டிமடம் பக்கம் மாற்றலாகி வந்திருந்தேன். சுற்றிலும் முந்திரிக்காடு. பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் முந்திரி உடைக்கிற வேலை நடக்கும். நான் சக்கரம் போட்ட முறையை ரம்யா கேட்டபடி சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொருள் மேஜை மேல் இருக்க வேண்டும். படம் கூடாது. ஒரு முந்திரிப்பழம், ஈரச்சாக்கு, துருப்பிடித்த பூட்டு, எதுவாக இருந்தாலும் சரி. சிறிது நேரம் யாரும் பேசக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். பிறகு கரும்பலகை நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து ஐந்து ஆரக்கோடுகள். கண், காது, மூக்கு, நாக்கு, கை. பிள்ளைகள் எந்த மொழியில் சொன்னாலும் எழுதுவேன். தமிழ்ச் சொல் மஞ்சள் சாக்பீஸில், ஆங்கிலச் சொல் வெள்ளையில். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. 'நைஸ்', 'குட்', 'பியூட்டிஃபுல்' மூன்றுக்கும் என் வகுப்பில் தடை. அந்த மூன்றும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பொருளையும் காட்டாது. பிறகு மஞ்சள் சொற்களை ஒவ்வொன்றாக வெள்ளையாக்குவோம். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு ஒன்று என்று எண் போட்டு வரிசைப்படுத்துவோம். அந்த வரிசையில் ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம். கடைசியில் டஸ்டரை எடுத்துச் சக்கரத்தை முழுவதும் அழித்துவிடுவேன். அழித்த பிறகு அதே பத்தியை இன்னொரு முறை எழுத வேண்டும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்கிற மாதிரிதான் அது. பிரிக்காமல் விட்டால் அந்த வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது.

எங்கள் தலைமையாசிரியர் கலியமூர்த்தி சார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை காலையில் பாடக்குறிப்பேட்டை மேஜையில் வைத்தால் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட மாட்டார். ஒவ்வொரு வரியாகப் படிப்பார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து குறிப்பை இரண்டு முறை எழுதுவேன். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி என் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ் கிளாஸ்ல எதுக்குத் தமிழ்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார், "அழிச்சிடுவாங்க சார். இருந்து பாருங்க" என்றார். அதிகாரி இருந்து பார்த்தார். நான் அழித்தேன். பிள்ளைகள் எழுதினார்கள். அவர் போன பிறகு சார் என்னிடம், "அழிக்கறத மட்டும் விட்டுடாதீங்க டீச்சர்" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் தேற மாட்டார்கள் என்று தெரிகிற பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே பெற்றோரோடு அழைத்து, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கம். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அதைச் செய்தார்கள். தேர்ச்சி குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியவர் அவர். கெட்ட எண்ணத்தில் அவர் எதையும் செய்யவில்லை. ஆனால் டி.சி. வாங்கிய பெண்பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய் நான் பார்த்ததில்லை. முந்திரி உடைக்கப் போனார்கள், பிறகு கல்யாணம் ஆகிப் போனார்கள்.

கோமதி அப்படிப் போக இருந்த பெண்.

வாயாடி. வகுப்பில் யார் தும்மினாலும் அதற்கு ஒரு பேச்சு வைத்திருப்பாள். மற்றப் பாடங்களில் தட்டுத்தடுமாறி ஐம்பதைத் தொட்டுவிடுவாள். ஆங்கிலம் வந்தால் மட்டும் கேள்வித்தாளை முத்து முத்தாகத் திருப்பி எழுதி வைத்துவிட்டுப் போவாள். தேர்வு முடியும்வரை அதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நான் வியந்ததுண்டு. சக்கரம் வந்த பிறகுதான் அவள் ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு சொல் எழுதினாள். முந்திரிப்பழத்தை வைத்துச் சக்கரம் போட்ட அன்று மற்றவர்கள் 'ரெட்', 'ஸ்வீட்' என்று முடித்துக்கொண்டார்கள். இவள் எழுந்து, "தின்ன பொறவு தொண்டைய அறுக்குமே டீச்சர், அதுக்கு என்னாங்க?" என்று கேட்டாள். எனக்கும் சட்டென்று தெரியவில்லை. அகராதி பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு சொல் கேட்டு என் பின்னாலேயே வர ஆரம்பித்தாள். ஸ்டாஃப் ரூம் வாசலில், சைக்கிள் நிறுத்துமிடத்தில், எங்கே பார்த்தாலும் ஒரு சொல் கேட்பாள்.

ஆனால் சக்கரத்தோடு நின்றுவிடுவாள். நான் டஸ்டரை எடுத்தாலே முகம் வாடிவிடும். "அழிக்காதீங்க டீச்சர், அதுலதான எல்லாம் இருக்கு" என்பாள். அழித்துவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடுவாள். வாக்கியம் என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது, நடுவில் எதைச் சொருகுவது என்ற பயம். திட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன். இரண்டும் பலிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் ஒரு சந்தையை விவரிக்கச் சொல்லியிருந்தார்கள். கோமதி பக்கம் முழுவதும் ஒரு சக்கரம் போட்டிருந்தாள். ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள். மீன் வாசனைக்கு ஒரு சொல், தராசுத் தட்டின் சத்தத்துக்கு ஒரு சொல், மிதிபட்ட தக்காளியின் வழவழப்புக்கு ஒரு சொல். எல்லாம் பிழையில்லாமல், எண் போட்டு வரிசைப்படுத்தியிருந்தாள். வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அதுதான் விடை என்று அவள் நினைத்திருக்கிறாள். அந்தத் தாளைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. விடைக்குறிப்பின்படி அதற்கு மதிப்பெண் கிடையாது. நானும் போடவில்லை. ஆங்கிலத்தில் தவறிவிட்டாள்.

சார் அவள் அம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். என்னையும் தாளோடு தன் அறைக்கு அழைத்தார். நான் போனபோது அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து தாளை நீட்டினேன். சார் அதை வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாக்கியம் எங்கங்க டீச்சர்?"

"இல்லைங்க சார். ஆனா இந்தப் பக்கத்துல இருக்கற ஒரு சொல்லும் நோட்ஸ்ல இருந்து வந்ததில்ல."

"சொல் இருந்தாப் போதுமாங்க? பத்தாவதுல இந்த மாதிரி வட்டம் போட்டு வெச்சா யாரு மார்க் போடுவாங்க?"

கோமதியின் அம்மா மெதுவாக, "எம்புள்ளைக்கு இங்கிலீஷு மட்டுந்தாங்க சார் வரல. மத்ததெல்லாம் படிக்கிது. நாந்தான் பள்ளியூடம் பாக்கல, அது பத்தாவது முடிச்சிடணும்னு ஒரு ஆசைங்க" என்றார்.

நான் கோமதியிடம் தாளைக் கொடுத்து, அந்தச் சக்கரத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசச் சொன்னேன். அவள் விரலை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து, தட்டுத்தடுமாறி, சந்தையைப் பற்றி வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். காலம் குழம்பியது, ஒருமை பன்மை குழம்பியது. ஆனால் சந்தை இருந்தது. சார் குறுக்கிடாமல் கேட்டார்.

"நல்லாத்தான் சொல்லுது. ஆனா பேப்பர்ல இருக்கறதுக்குத்தாங்க டீச்சர் மார்க்" என்றார். அவர் சொன்னது சரிதான். பிறகு அவரே, "ஜூன்ல மறுதேர்வு இருக்கு. எழுதட்டும். கேள்வித்தாள் நான் வேற ஆள வெச்சுப் போட்டுக்கறேன். சக்கரம் போடக்கூடாது. தேறினா பத்தாவது, இல்லன்னா டி.சி. வாங்கிக்கிட்டும்" என்றார். அம்மா, "சரிங்க சார்" என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த மே மாதம் முழுக்க என் வண்டி அவள் ஊருக்குப் போய்வந்தது. முந்திரிக் காலம் என்பதால் அவளைப் பள்ளிக்கு வரச் சொல்ல முடியாது. ஒரு கொட்டகையில் அம்மாவும் அவளும் இன்னும் சில பெண்களும் உட்கார்ந்து வறுத்த கொட்டையைத் தட்டி உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். கொட்டையிலிருந்து வரும் பால் பட்டால் தோல் வெந்து போகும். கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். அப்படியும் அவர்கள் விரல்கள் கறுத்துத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அம்மா, "போ புள்ள, டீச்சர் வந்துட்டாங்க. உம்பங்க நான் உடைக்கிறேன்" என்று எழுப்பி விடுவார்.

முந்திரி மரத்தடியில் மண்ணில் குச்சியால் சக்கரம் போட வைத்தேன். வாக்கியம் எழுதத் தொடங்கியதும் அதை அவளே காலால் கலைக்க வேண்டும் என்றேன். முதல் சில நாட்கள் கலைத்துவிட்டு அழுதாள். இன்னும் கொஞ்ச நாள் கழித்து, ஒரு கோட்டுக்கு வாக்கியம் எழுதி முடித்ததும் அந்த ஒரு கோட்டை மட்டும் கலைக்கச் சொன்னேன். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் மழைத் தூறலில் மண் நனைந்து கோடு நிற்கவில்லை. அவள் இடது கையை விரித்துப் பார்த்தாள்.

"டீச்சர், கையிலயே போட்டுக்கறேன். கட்டைவெரலு கண்ணு, அடுத்தது காது. எழுதி முடிச்சதும் வெரல மடக்கிடறேன். அழிச்ச மாதிரி ஆயிடும் இல்லீங்களா?"

நான் போன எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித்தரவில்லை. ஆகும் என்றேன். ரம்யா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முறை இதுதான். போர்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சக்கரம் போர்டை விட்டுப் பிள்ளையின் கைக்குள் போகும் வரை விடாதீர்கள்.

மறுதேர்வு அன்று கண்காணிப்புக்குச் சாரே வந்து நின்றார். நான் உள்ளே போகக்கூடாது என்பதால் வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியாகக் கோமதி தெரிந்தாள். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. இடது கை பெஞ்சுக்குக் கீழே இருந்தது. சார் அதைக் கவனித்துவிட்டார். மெதுவாகப் பக்கத்தில் போய், கையை வெளியே எடுக்கச் சொன்னார். நான் ஜன்னலை இன்னும் நெருங்கினேன். இரண்டு விரல்கள் மடங்கி, மூன்று நீட்டியிருந்தன. மடங்கிய விரல்களையும் விரிக்கச் சொன்னார். துண்டுச்சீட்டு எதுவும் இல்லை, முந்திரிப்பால் கறுத்த உள்ளங்கை மட்டும் இருந்தது. சார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுதும்மா" என்று நகர்ந்து போனார். அவள் மறுபடி அதே இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டாள்.

தாள் என்னிடம் வந்தது. நீங்கள் போய்ப் பார்த்த ஓர் அறையை விவரித்து எழுதுக என்பது கேள்வி. வீட்டைப் பற்றி எழுதியிருப்பாள் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தேன். அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

"நான் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். சுவர் பச்சை நிறம். சுவரில் பெரிய படங்கள் இருந்தன. மின்விசிறி டக் டக் என்று சத்தம் போட்டது. பழைய காகித வாசனை வந்தது. மேஜை மேல் விரித்திருந்த கண்ணாடித் தகடு குளிர்ச்சியாக இருந்தது. சார் உட்கார்ந்திருந்தார். டீச்சர் உட்கார்ந்திருந்தார். மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. என் அம்மா நின்றுகொண்டிருந்தார். அம்மா கைகளைப் புடவைக்குள் வைத்திருந்தார். என் வாய் கசந்தது."

ஒரு தடவை படித்தேன். அந்த அறையில் அன்று நானும் இருந்தேன். சக்கரம் போட்டு ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் பார்க்கச் சொல்லித் தந்த நான், அந்த நாற்காலிகளைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. மதிப்பெண் போட்டுவிட்டுத் தாளைச் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் பாடக்குறிப்பைப் படிப்பது போலவே ஒவ்வொரு வரியாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தம்மா நின்னுக்கிட்டேவா இருந்தாங்க?"

"ஆமாங்க சார்."

அவர் பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துக் கோமதியின் பெயரைத் தானே எழுதினார். மறுநாள் அம்மாவை வந்து ஒப்புதல் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பினார்.

அம்மா காலையிலேயே வந்துவிட்டார். கோமதி கதவருகே நின்றாள். சார் ஒரு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார்.

"இருக்கட்டுங்க சார். நிக்கிறேன்."

"பரவால்ல, உக்காருங்க."

"பழக்கமில்லைங்க சார்" என்று சிரித்தபடி அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

சார் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். அந்த அம்மா ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.